கூட்டணிப் பேத்தி

ஏனுங் தம்பி, அந்த ஜன்னலோரத்துக்கு ஆராச்சும் வர்றாங்களா? இல்லீங்களா? அப்பக் கொஞ்சம் உள்ளாற நகந்துக்குங்க. இந்தப் பையை மடியிலயே வெச்சுக்கறேன், மேல போட்டா நசுங்கிப் போயிரும். சீருங்க. பேத்திக்குக் காதுகுத்து. சின்னதாராபுரம். நீங்களும் அங்கதான் எறங்கறீங்களா? நல்லதாப் போச்சு போங்க, பேச்சுத்தொணைக்கு ஆச்சு.

என்னங்க, வேட்டியவே பாக்கறீங்க? பாருங்க பாருங்க, தப்பில்ல. இந்தப் பக்கம் கரை இருக்குது, அந்தப் பக்கம் இல்ல. வாங்கறப்ப ரெண்டு பக்கமும் இருந்துச்சுங்க. ஒரு பக்கம் எங்க மஞ்சளும் பச்சையும், இன்னொரு பக்கம் அவிங்க நீலம். கூட்டணி வேட்டி. எலக்சனுக்குன்னே ஈரோட்டுல சொல்லி நெய்ய வெச்சது. கூட்டணி முறிஞ்ச அன்னைக்கே டெய்லர்கிட்டக் கொண்டு போயி நீலக்கரையை வெட்டி எறிஞ்சு ஓரம் அடிச்சு வாங்கீட்டேன். டெய்லரு கேக்கறான், "அண்ணா, புது வேட்டியே ஒண்ணு எடுத்துக்கலாமில்லீங்களா"ன்னு. எடுக்கலாந்தான். ஆனா நாலு பேரு பாக்கோணுமல்லோ, நாச்சிமுத்து வெட்டி எறிஞ்சுட்டான்னு.

நாந்தானுங்க நாச்சிமுத்து. தாராபுரத்துல மாட்டுத்தீவனக் கடை. புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை. கடை சும்மா பேருக்கு, சம்சாரம் பாத்துக்குவா. நமக்குக் கட்சிதான். மரபுரிமைக் கழகம். ஒன்றியத் துணைச் செயலாளர். துணைன்னா சின்னப் பதவின்னு நெனச்சுப்போடாதீங்க. எங்க கட்சியில செயலாளருகளைப் பேர் சொல்லிக் கூப்பட மாட்டோம். மாவட்டச் செயலாளரு வந்தா, "மாவட்டம் வந்துருச்சு, மாவட்டத்துக்கு ஒரு டீ சொல்லு"ம்போம். ஒன்றியச் செயலாளருன்னா ஒன்றியம். என்னை மட்டும் துணைன்னு கூப்புடுவாங்க. பதினெட்டு வருசமாத் துணைங்க. ஒருக்காலாச்சும் என்னை ஒன்றியம்னு ஆராச்சும் கூப்பட்டுக் கேட்டுப்போட்டுக் கண்ணை மூடோணும்னு ஒரு ஆசை. அது கெடக்குது.

கொள்கைன்னு பாத்தா ரொம்பச் சுலுவுங்க. குடும்பம் கலையக் கூடாது. கோயில் கொளம் நல்லா இருக்கோணும். பெரியவங்க சொன்னாச் சின்னவங்க கேக்கோணும். அவ்வளவுதான். இதுக்கு ஒரு கட்சியான்னு என்ற மாப்ளை கேப்பாரு. அவரு கரூர்ல பஸ் பாடி கட்டற கம்பெனியில இருக்கறாரு. தங்கமான மனுசன், ஆனா அரசியல் தெரியாது. என்ன பண்றது.

என்ற மவளுக்குப் பேர் வெச்சதே எங்க பழைய தலைவருதானுங்க. அப்ப அவரு வேன்ல வர்றாரு, நான் புள்ளையை மேல தூக்கிக் குடுத்தேன். வாங்கி, நெத்தியில ஒரு முத்தம் வெச்சு, மைக்குல சொன்னாரு, "மரபுச்செல்வி"ன்னு. எப்பேர்ப்பட்ட பேரு! பள்ளிக்கோடத்துல மத்த புள்ளைக கிண்டல் பண்ணுதுகன்னு அழுதுட்டு வரும். "வேற பேர் கெடைக்கலீங்களாப்பா உங்குளுக்கு"ன்னு கேக்கும். செல்வின்னு மட்டுந்தான் எழுதிக்கும். கண்ணாலப் பத்திரிகையில நாந்தான் முழுப்பேரையும் கொட்டை எழுத்துல போட்டேன். அதுக்கு ஒரு வாரம் என்கூடப் பேசல. சின்னதுல இருந்தே அப்படித்தானுங்க, கோவம் வந்தாச் சத்தம் போடாது, பேச்சை நிறுத்திப்போடும். இப்பவும் கொஞ்ச நாளா... செரி, அதை அப்பறஞ் சொல்றேன்.

பேத்தி பொறந்தது போன ஆவணி. தலைப்பிரசவம், எங்கூட்டுலதான். பேர் வெக்கறதுன்னு வந்தப்ப நான் ஒரே பேச்சாச் சொல்லிப்போட்டேன், தலைவரு வாயாலதான் வெக்கோணும், அதுவரைக்கும் ஆரும் எந்தப் பேரும் சொல்லக் கூடாதுன்னு. எலக்சனுக்குப் பிரச்சாரத்துக்கு எப்படியும் வருவாரு. அதுவரைக்கும் பாப்பா. பாப்பா பாப்பான்னே கூப்பட்டோம். சம்பந்தியூட்டுல மொணுமொணுத்தாங்க. மாப்ளை கேட்டாரு, "பேர் வெக்கறதுக்கு எதுக்குங் மாமா வேனு"ன்னு. நான் சிரிச்சுப்போட்டு உட்டுட்டேன். செல்வி பக்கத்துலதான் இருந்துச்சு. அது பாட்டுக்குத் தொட்டலை ஆட்டிட்டு, "அல்லீ... அல்லீ..."ன்னு என்னமோ இழுத்துப் பாடிட்டு இருக்கும். என்ற சம்சாரம் ருக்குமணியும் கூடச் சேந்து பாடுவா. எந்த ஊருத் தாலாட்டோ போங்க, எனக்கு அதெல்லாம் தெரியாது.

மார்கழியில கூட்டணி அமைஞ்சுது. நாங்களும் தேச நலப் பேரவையும். பண்பாட்டுக் கூட்டணின்னு பேரு. ரெண்டு கட்சிக்கும் கொள்கை ஒண்ணுதான், கரைதான் வேற. பேரவையோட ஒன்றியம் லோகநாதன் எனக்குப் பழக்கமான ஆளு. உரக்கடை வெச்சிருக்கறான். பஸ் ஸ்டேண்டு முக்குல இருக்கற டீக்கடையில தெனமும் ஒண்ணாத்தான் நிப்போம். பிரச்சாரம் பூரா என்ற வண்டியிலதான் சுத்துனான். பின்னாடி உக்காந்துட்டு அவன் கொடி ஒரு கையில, எங்க கொடி ஒரு கையில. சனம் கை காட்டுச்சு. கெலிச்சுட்டோம்னே நெனச்சோம்.

பங்குனியில ரெண்டு தலைவரும் ஒரே வேன்ல வந்தாங்க. எங்க தலைவரு வேழவேந்தன், பண்பாட்டுக் காவலர்னு பட்டம். அவிங்க தலைவரு சாரங்கபாணி. செல்வியையும் பாப்பாவையும் சின்னதாராபுரத்துல இருந்து காரு வெச்சுக் கூட்டியாந்துட்டேன். பாப்பாவுக்கு மஞ்சப் பச்சையில சட்டை தெச்சுப் போட்டு, தலையில ஒரு குல்லா. வெயிலுன்னா வெயிலு. செல்வி, "வேண்டாங்ப்பா, புள்ளை தாங்காது"ங்குது. "ரெண்டே நிமிசம் அம்மிணி"ன்னு சொல்லி வாங்கீட்டுக் கூட்டத்துக்குள்ள பூந்துட்டேன்.

அங்க பாருங்க விதி. முந்தின ஊர்ல பேசிப் பேசி எங்க தலைவருக்குத் தொண்டை கட்டிப்போச்சு. வேனுக்குள்ளாற உக்காந்து சுடுதண்ணி கொப்புளிச்சுட்டு இருக்கறாரு. மேல நிக்கறது சாரங்கபாணி. நான் தூக்கிப் புடிச்சுட்டு, "தலைவரே, தலைவரே"ன்னு கத்தறேன். எந்தத் தலைவருன்னு நான் சொல்லல பாத்தீங்களா, அதுதான் தப்பாப் போச்சு. மேல இருந்து ஒரு கை வந்துச்சு, புள்ளை போயிருச்சு. நான் எம்பறதுக்குள்ள மைக்குல, "இந்தக் குழந்தைக்குத் தேசநாயகி என்று பெயர் சூட்டுகிறேன்"னு சொல்லிப்போட்டாரு.

அவிங்க கட்சிப் பேருல இருக்கற தேசம் என்ற பேத்தி தலையில வந்து உக்காந்துருச்சு. ஆனா சுத்தியும் கைத்தட்டல். லோகநாதன் ஓடியாந்து கட்டிப் புடிச்சுட்டான், "மாமா, இன்னைக்கிருந்து நாம ஒறவு"ங்கறான். டிவிக்காரன் படம் புடிக்கறான். அப்பறம் என்னங்க, நானும் கைத்தட்டுனேன். கூட்டணி தர்மமல்லோ? அன்னைக்குப் பொழுதோடவே ஒரு ஃப்ளெக்ஸ் அடிச்சுக் கட்டியாச்சு. "கூட்டணியின் குலக்கொழுந்தே, தேசநாயகியே, வருக." பாப்பா படம் நடுவுல, ரெண்டு தலைவரும் ரெண்டு பக்கம், கீழ நானும் லோகநாதனும் கும்புட்டுட்டு நிக்கறோம். செல்வி புள்ளையை வாங்கி, மொகத்துல அப்பியிருந்த மாலைப்பூவைத் தட்டி உட்டுது. ஒரு வார்த்தை பேசல. சந்தோசத்துல வாயடைச்சுப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.

தேசநாயகின்னு கூப்பட்டுப் பழகோணும்னு எல்லாருத்துக்கும் நாந்தான் சட்டம் போட்டேன். போன் பண்ணுனா மொதக் கேள்வி, "தேசநாயகி என்ன பண்றா?" செல்வி, "தூங்கறா"ங்கும். எப்பக் கேட்டாலும் தூங்கறா.

அப்பறம் ஓட்டு எண்ணுனாங்க. கேக்காதீங்க தம்பி. நம்ம பக்கத்துல ஒரு எடம் வரல. எங்க தலைவரே தோத்தாரு. கட்சி ஆபீசுக்கு வாங்கி வெச்சிருந்த பட்டாசை ஆரோ எடுத்துட்டுப் போயி எதிர்க்கட்சிக்காரனுக்கே வித்துப்போட்டான். அவன் வெடிக்கறான் எங்க பட்டாசை, எங்க தெருவுலயே.

சரி, தோத்தாத் தோத்துட்டுப் போறது. ஏன் தோத்தோம்னு உக்காந்து பேசலாம்னு ஒரு ஆய்வுக் கூட்டம் போட்டாங்க. கண்ணால மண்டபம். வாசல்ல "பண்பாட்டுக் கூட்டணி உங்களை அன்புடன் வரவேற்கிறது"ன்னு வளைவு. மேடையில பெரியவங்க படம், குத்துவெளக்கு. மொதல்ல பேசுனது லோகநாதன். எந்திரிச்சான், தொண்டையைச் செருமுனான், "எங்க ஆளுக உங்க சின்னத்துல குத்துனாங்க, உங்க ஆளுக எங்க சின்னத்துல குத்தல"ன்னுட்டான். என்ற வண்டியில சுத்துன ஆளுங்க! என்ற பெட்ரோலு! எனக்கு ஆத்தரம் தாங்கல. "உங்க ஆளுன்னு ஆருடா இருக்கறான், உன்ற பொண்டாட்டியே உனக்குக் குத்தியிருக்க மாட்டா"ன்னுட்டேன்.

அது கொஞ்சம் அதிகந்தான். ஒத்துக்கறேன். ஆனா சேரை மொதல்ல தூக்குனது நான் இல்லீங்க. எனக்கு முந்தி ரெண்டு பேரு தூக்கீட்டாங்க. அப்பறம் எவன் எவனை அடிக்கறான்னே தெரியல. குத்துவெளக்கு சாஞ்சுது. "பெரியவங்களுக்கு மரியாதை குடுங்கடா"ன்னு கத்திக்கிட்டே ஒரு பெரியவரு இன்னொரு பெரியவரோட வேட்டியைப் புடிச்சு இழுக்கறாரு. மண்டபத்துக்காரரு பாத்தாரு, ஃபேனையெல்லாம் நிறுத்திப்போட்டாரு. நல்ல வைகாசி வெயிலு. வேர்த்து ஊத்துன பின்னாலதான் சண்டை நின்னுது. மறுநாள் ரெண்டு தலைவரும் டிவியில தனித்தனியா வந்து, இயற்கைக்கு மாறான கூட்டணின்னு சொல்லிப்போட்டாங்க. அன்னைக்குத்தான் வேட்டிக்கரையை வெட்டுனது.

லோகநாதன் இப்ப டீக்கடையில அந்தப் பக்கம் நிக்கறான், நான் இந்தப் பக்கம். ஒரே பாய்லரு, ஒரே மாஸ்டரு. எவன் வந்து எனக்கு டீ வாங்கிக் குடுத்தாலும் அவன் மாதிரி சக்கரை கரெக்டாச் சொல்ல மாட்டேங்கறான். அது வேற விசயம்.

இதுக்கு நடுவுல எங்க ஒன்றியம் பேரவைக்குத் தாவிப்போச்சு. பதவி காலி. அடுத்தது ஆரு? துணைதானுங்களே? நானும் வெள்ளையுஞ் சொள்ளையுமா மாவட்டத்தைப் பாக்கப் போனேன். மாவட்டம் பத்துப் பேர் முன்னால என்னைப் பாத்துக் கேக்குது, "ஏப்பா துணை, பேத்திக்கே அவன்கிட்டப் பேர் வாங்குனவன் நீ. உன்னை எப்படி நம்பறது?" எல்லாரும் சிரிக்கறாங்க. எனக்கு நெலத்துக்குள்ள போயிறலாமான்னு இருந்துச்சு. பதினெட்டு வருசம், தம்பி. போஸ்டர் ஒட்டுன பசை இன்னும் நகத்துல இருக்குது. அன்னைக்கே முடிவு பண்ணீட்டேன், பேரை மாத்தறதுன்னு.

ஆடியில மூலனூர்ல எங்க தலைவருக்குப் பொறந்தநாள் விழா. நான் சின்னதாராபுரம் போனேன். உள்ள நொழையறப்பவே சம்பந்தியம்மா, "அல்லி எங்க? அல்லி எங்க காணாம்?"னு கட்டலுக்கு அடியில பூந்து தேடிட்டு இருந்தாங்க. ஆட்டுக்குட்டி ஏதோ வாங்கியிருப்பாங்க போல. நான் கண்டுக்கல. செல்விகிட்ட, "பாப்பாவைக் கொலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன் அம்மிணி, நேர்த்தி ஒண்ணு இருக்குது"ன்னேன். அது என்ற மொகத்தையே பாத்துச்சு. "கோயிலுக்கு மட்டுந்தானுங்களேப்பா?"ன்னு கேட்டுது. "பின்ன?"ன்னேன். பால் பாட்டலு, துண்டு, மாத்துத்துணி எல்லாம் ஒரு பையில போட்டுக் குடுத்து, வண்டி வரைக்கும் வந்து ஏத்தி உட்டுது. பாப்பாவுக்குக் கையாட்டுச்சு. எனக்கும் ஆட்டுச்சு.

கோயிலுக்குத்தானுங்க கெளம்புனேன். போற வழியில மூலனூரு. ரெண்டே நிமிசம்னு நெனச்சுத்தான் எறங்குனேன். தலைவரு வர்றதுக்குப் பொழுது எறங்கிப்போச்சு. பால் தீந்துருச்சு. புள்ளை அழுது அழுது மொகமெல்லாஞ் செவந்து கெடக்குது. தலைவரு வாங்கி, "மரபரசி"ன்னாரு. கைத்தட்டல். மாவட்டம் என்ற தோள்ல தட்டி, "இதுதாண்டா துணை"ன்னுச்சு. அந்த நேரம் எனக்கு வானத்துல பறக்கறாப்பல இருந்துச்சுங்க, பொய் சொல்லல. அதுக்கப்பறம் எங்க கோயிலு, நடை சாத்தியிருப்பாங்க. நேரா மவ ஊட்டுக்குத்தான் போனேன்.

செல்வி கேட்டுலயே நின்னுட்டு இருந்துச்சு. அதுக்குள்ள லோகநாதன் அந்த வீடியோவை ஊருக்கே அனுப்பியிருக்கறான், "பேத்தியைக் காட்டிப் பதவிப்பிச்சை"ன்னு எழுதி. பாவி. செல்வி புள்ளையை வாங்கிட்டுது. சத்தம் போட்டிருந்தாக்கூடப் பரவால்லீங்க. "அப்பா, நான் புள்ளையை உங்குளை நம்பித்தான் குடுத்தேன்"னு ஒரே ஒரு வார்த்தை. கேட்டைச் சாத்தீட்டுது.

நான் என்னங்க பெரிய தப்புப் பண்ணிப்போட்டேன்? கடத்திட்டாப் போனேன்? பேர் தானே வெச்சேன்? அதுவும் நல்ல பேரு.

அதுக்கப்பறம் போன் எடுக்கறதில்ல. ருக்குமணியும் ஆடி கழிஞ்சதும் மவகூடப் போயி உக்காந்துக்கிட்டா. ஒருக்கா அவகிட்டக் கேட்டேன், "என்ன, அங்க ஆட்டுக்குட்டியெல்லாம் வளக்கறாங்களாட்ட இருக்குது"ன்னு. என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, "ஆமாங், ஆட்டுக்குட்டிதான்"னு சொல்லிட்டுப் போயிட்டா. ஊட்டுல நான் ஒண்டி. ஒரு வாரமாப் புண்ணாக்கு மூட்டைகூடத்தான் பேசறேன்.

காதுகுத்துப் பத்திரிகை மாப்ளைதான் கொண்டாந்து குடுத்தாரு. "எங்கள் அன்பு மகளுக்கு"ன்னு மட்டும் போட்டிருக்குது, பேரு போடல. ஏன்னு நான் கேக்கல. வாயைத் தொறந்தா இன்னும் என்னத்தைக் கெடுப்பேனோன்னு பயம். காதுகுத்துன்னா எங்க பக்கம் தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்துவாங்க. செல்வி எனக்கு ஒத்தப் புள்ளைங்க, கூடப் பொறந்தவன் கெடையாது. மாமன் எடத்துக்கு நாந்தான், தாயைப் பெத்த அப்புச்சிதான். ஆனா செல்வி என்ற மடியில வெக்குமா? மாப்ளையைக் கேட்டேன். "செல்வி இன்னும் ஒண்ணுஞ் சொல்லல மாமா, வாங்க பாத்துக்கலாம்"னாரு. குத்தற நேரம் பத்தரை. நான் இல்லீன்னா மாப்ளையோட சிநேகிதன் ஒருத்தன் இருக்கறான், அவனை மாமன் முறைக்கு உக்கார வெச்சுருவாங்க.

தம்பி, உங்குளுக்குக் கொழந்தை இருக்குதுங்களா? அந்தப் புள்ளை என்னைக் கண்டா மீசையைப் புடிச்சு இழுக்கும். புடிச்சா உடாது. அந்தப் பிஞ்சுக்கை எத்தனை பலம்ங்கறீங்க! எனக்கு அதை மடியில வெச்சுக்கோணும். ஒன்றியமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். காலைல சாமி கும்புடறப்ப அதைத்தான் கும்புட்டேன். நெசமா.

ஒரு நிமிசம் இருங்க, போன் அடிக்குது. மாவட்டமுங்க. என்ன இந்நேரத்துல...

சொல்லுங் மாவட்டம்... பஸ்ஸுல இருக்கறேனுங்... என்னங்?... ஆரு சொன்னா?... ரெண்டு பேருமா?... மூலனூர் மண்டபத்துலயா, இப்பவா?... அட சாமீ... நானுங்களா? ஒன்றியமா?... இல்லீங் மாவட்டம், பேத்திக்குக் காதுகுத்து... ஆமாங், பத்தரைக்கு... இல்லீங், முடியாதுங். என்னை மன்னிச்சுக்கோங்க. பேத்திதான் முக்கியம். வெச்சுடறேன்.

கேட்டீங்களா கதையை! ஒட்டிருச்சுங்களாம்! கூட்டணி திருப்பி ஒட்டிருச்சு. உள்ளாட்சி எலக்சன் வருதல்லோ. வேழவேந்தனும் சாரங்கபாணியும் மூலனூர்ல ஒரே மேடையில உக்காந்திருக்கறாங்களாம். லோகநாதன் அங்கதான் நிக்கறானாம், என்னைக் கேட்டானாம். என்னை ஒன்றியமா அறிவிக்கப் போறாங்களாம். நீலக்கரையை வெட்டி எறிஞ்சேனே, பாழாப்போன டெய்லரு, நிறுத்தியிருக்கக் கூடாதா அவன்? ஆனா நான் சொன்னதைக் கேட்டீங்களல்லோ? முடியாதுன்னுட்டேன். மாவட்டத்துகிட்டவே முடியாதுன்னுட்டேன். இத்தனை வருசத்துல நான் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்ல.

மறுக்காவும் அடிக்குது. மாட்டேன்னு சொன்னாலும் உடமாட்டாங்க... இல்லீங்க, இது... தம்பி, இது செல்வி!

அம்மிணி... சொல்லு சாமி... பஸ்ஸுலதான் வந்துட்டு இருக்கறேன்... ஆமா... ஆமா அம்மிணி... இல்ல, எங்கியும் எறங்கல... செரி... செரி சாமி... அம்மிணி, அங்க ஆரு அது... இல்ல, ஒண்ணுமில்ல. வந்தர்றேன். பத்தரைக்கு முன்னால வந்தர்றேன்.

இருங்க தம்பி. இந்தத் துண்டு எங்க... கண்ணுல தூசி.

செல்வி பேசுச்சுங்க. "அப்பா, நேரத்துக்கு வந்துருங்க, உங்க மடியிலதான் குத்தறோம்"னு சொல்லுச்சு. அதைச் சொல்றப்ப பக்கத்துல புள்ளை கத்திட்டு இருந்துச்சு. உடனே செல்வி, "அல்லீ, சும்மா இரு சாமி, அப்புச்சி பேசறாரு பாரு"ங்குது. அந்தப் பக்கம் சத்தம் நின்னு போச்சு. அப்பறம் ஒரு சிரிப்பு.

ஏனுங் தம்பி, ஆட்டுக்குட்டிகிட்ட ஆராச்சும் அப்புச்சி பேசறாருன்னு சொல்லுவாங்களா?

அல்லி. பொறந்த நாள்ல இருந்தே அதுதாங்க பேரு. என்ற ஊட்டுலயே, என்ற தொட்டல்லயே, என்ற காது கேக்கத்தான் கூப்பட்டிருக்குதுக. சம்பந்தியம்மாவுக்குத் தெரியும். ருக்குமணிக்குத் தெரியும். மாப்ளைக்குத் தெரியும். நான் தேசநாயகிங்கறேன், மரபரசிங்கறேன், எல்லாரும் கேட்டுட்டுத் தலையாட்டியிருக்கறாங்க. அந்தப் புள்ளை எந்தப் பேருக்கும் திரும்பாது தம்பி, நான் கூப்பட்டாத் திரும்பாது. காதுல ஏதாச்சும் கோளாறோன்னுகூடப் பயந்திருக்கறேன். இப்பப் பாருங்க, அல்லின்னதும் சிரிச்சுது.

அல்லி. வாயில சொல்லிப் பாத்தா நல்லாத்தான் இருக்குது, இல்லீங்களா? அல்லி. அல்லீ.

பாவம் செல்வி. ஆசைப்பட்டு வெச்ச பேரை அப்பனுக்குப் பயந்துட்டு ஒளிச்சு ஒளிச்சுக் கூப்பட்டிருக்குது. ஒரு வருசம். மைக்குல ஒருத்தரும் சொன்னதில்ல, ஃப்ளெக்ஸுல ஒரு வாட்டி வந்ததில்ல. திருட்டுப் பேராட்டம் இருந்திருக்குது எம்புள்ளை பேரு.

எது, மூலனூர் வந்துருச்சா? அதுக்குள்ளயா? அங்க பாருங்க, மண்டபம் அதுதான். தோரணத்தைப் பாத்தீங்களா, மஞ்சளும் பச்சையும் நீலமும். ரெண்டு வேனும் நிக்குது. அட, லோகநாதன்! வாசல்லயே நிக்கறான். என்னைத்தான் தேடறான் போல.

தம்பி, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. ரெண்டு தலைவரும் ஒரே எடத்துல இருக்கறாங்க. இந்த மாதிரி மறுக்கா அமையாது. போன்ல பாப்பா படம் இருக்குது. நேராப் போயி, படத்தைக் காட்டி, "தலைவரே, ரெண்டு பேரும் சேந்து அல்லின்னு ஒருக்காச் சொல்லிப்போடுங்க"ன்னு கேட்டா, மாட்டேன்னா சொல்லப் போறாங்க? ஒன்றியம் கேட்டு மாட்டேன்னா சொல்லுவாங்க? மைக்குல, அத்தனை சனத்துக்கு முன்னால. அப்பறம் செல்வி ஒளிச்சுக் கூப்பட வேண்டியதில்லீங்களே. கேட்டா எத்தனை சந்தோசப்படும்! இதைவிட ஒரு அப்பன் என்னங்க சீரு செய்ய முடியும்?

கண்டக்டரு! ஆளு எறங்கோணுமுங்க! கொஞ்சம் நிறுத்துங்க!

இந்தப் பையை மட்டும் நீங்க புடிங்க. சின்னதாராபுரத்துல பஸ்ஸு நிக்கற எடத்துக்கு எதுத்தாப்பலயே கோயில் மண்டபம். என்ற மாப்ளை வாசல்லதான் நிப்பாரு. அல்லிக்கு அவங்க அப்புச்சி குடுத்து உட்டாருன்னு குடுத்துருங்க. அல்லின்னே சொல்லுங்க, வேற பேர் சொல்லிப்போடாதீங்க. மாமன் எடத்தைக் காலியா வெச்சிருக்கச் சொல்லுங்க, பின்னாலயே வந்துட்டு இருக்கறேன்னு.

ரெண்டே நிமிசம் தம்பி. அடுத்த பஸ்ஸு இருக்குது.